கால் கட்டை ஏறிய கேசட்

கடந்த ஞாயிற்றுக்கிழமை இரவு, பினாங்கு ஆயர் ஈத்தாமில் உள்ள என் வீட்டு வரவேற்பறையில், ஒரு பழைய கேசட் இரண்டு பக்கமும் சிக்காமல், சுதி தள்ளாடாமல், முழுதாக ஓடி முடிந்தது. நாற்பது நிமிடம் ஓடக்கூடிய அந்தக் கேசட்டை ஓட வைப்பதற்கு எனக்குப் பதினோரு வாரமும் 281 வெள்ளியும் (மலேசிய ரிங்கிட்) ஆகியிருக்கின்றன. வேலை முடிந்த கையோடு, அளவுகள் மறந்து போவதற்குள், செய்தது என்ன, கெடுத்தது என்ன என்று வரிசையாக எழுதி வைக்கிறேன். பெட்டிக்குள் பூசணம் பிடித்த கேசட் வைத்திருக்கும் யாருக்காவது, நான் வீணாக்கிய பணத்தில் பாதியாவது மிச்சமாகலாம்.

கேசட் என் அண்ணனுடையது. 1984இல் வால்ட்டர் ஹில் இயக்கத்தில் வந்த ‘ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் ஃபயர்’ என்ற ராக் இசைப் படத்தின் பாட்டுகள். அமெரிக்காவில் போட்ட முதலைக்கூட எடுக்காத படம் அது. ஆனால் எங்கள் வீட்டில், வாடகைக்கு எடுத்த வீடியோ நாடாவில் அண்ணன் அதை மூன்று நாளில் நான்கு முறை பார்த்தார். மறு ஆண்டு, பினாங்குப் பாலம் திறந்த 1985இல், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வாங்கிய முதல் சம்பளத்தில் பினாங்கு ரோட்டு ஐந்தடிப் பாதையில் 3 வெள்ளி 50 காசு கொடுத்து இந்தக் கேசட்டை வாங்கி வந்தார். அது திருட்டுப் பதிப்பு என்பதை மறைக்க யாரும் முயலவில்லை. 1987 டிசம்பரில் புதிய பதிப்புரிமைச் சட்டம் நடப்புக்கு வரும் வரை இப்படிப்பட்ட கேசட்டுகள் காய்கறி போலக் கடை விரித்து விற்கப்பட்டன. அட்டைப்படம் நகலெடுத்து நகலெடுத்து ஊதா நிறமாகிப் போயிருந்தது. பாடியவர் பெயர்களில் பாதி எழுத்துப் பிழை.

மொத்தம் பத்துப் பாட்டு. இரண்டு பக்கங்களும் ஜிம் ஸ்டைன்மன் எழுதிய நீண்ட பாட்டுகளோடு தொடங்குகின்றன. திரையில் அவற்றைப் பாடுவது டயான் லேன். குரல் அவருடையது அல்ல, லோரி சார்ஜெண்ட், ஹோலி ஷெர்வுட் என்ற இரண்டு பாடகிகளுடையது என்பது எங்களுக்குப் பல ஆண்டு கழித்துத்தான் தெரிய வந்தது. பின்னணிப் பாடகர் இல்லாத தமிழ்ப் படம் ஒன்றைக்கூடப் பார்த்திராத நாங்கள், இங்கிலீஷ் படத்தில் மட்டும் நடிகையே பாடிவிடுவார் என்று எப்படி நம்பினோம் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை. அப்போது எனக்குப் பதினான்கு வயது, அண்ணனுக்குப் பத்தொன்பது. அப்பா மலேசிய வானொலியின் தமிழ்ச் செய்தி கேட்டு முடித்து எழுந்த அடுத்த நிமிடம் கேசட் உள்ளே போகும்.

இவ்வாண்டு அண்ணனுக்கு மணிவிழா. அதற்கான பழைய படங்களைத் தேடியபோது, பரணில் இருந்த ரொட்டி டின் ஒன்றில் இந்தக் கேசட் கிடைத்தது. சன்னல் வழியே பார்த்தால் சுற்றிய நாடாவின் ஓரமெல்லாம் மாவு தூவியது போல வெள்ளைப் பூசணம் படர்ந்திருந்தது. நாடாவை, அதிலுள்ள ஒலியைப் படிக்கும் ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் சிறு கம்பளித் துண்டு கழன்று உள்ளே உருண்டுகொண்டிருந்தது. ஓட்டிப் பார்க்க வீட்டில் டெக்கும் இல்லை.

ஆகவே முதல் வேலை டெக் தேடுவது. மாநகர அரங்கத்தை ஒட்டிக் காலையில் கூடும் லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தையில், மூன்றாவது வாரம், ஒற்றைக் கதவு டெக் ஒன்று 60 வெள்ளிக்குப் படிந்தது. விளக்கு எரிகிறது என்பது மட்டும்தான் கடைக்காரர் தந்த உத்தரவாதம். வாங்குமுன் நான் பார்த்தவை இரண்டு. ஒன்று, பின்பக்கத் தகட்டில் எத்தனை வோல்ட் என்று எழுதியிருக்கிறது என்பது. ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்காகச் செய்த டெக் 100 வோல்ட்டுக்கு உரியது, அதை நம் வீட்டு மின்சாரத்தில் நேராகச் செருகினால் அத்தோடு கதை முடிந்தது. இரண்டாவது, கதவைத் திறந்து ஹெட்டின் முகத்தில் நகத்தை ஓட்டிப் பார்ப்பது. பள்ளம் தட்டினால் அந்த டெக் நிறைய ஓடித் தேய்ந்தது. இதன் முகம் வழவழவென்றிருந்தது. அந்த விலைக்கு அது போதும்.

வீட்டுக்குக் கொண்டுவந்து மேல்மூடியைக் கழற்றியதும் டெக் ஓடாததற்குக் காரணம் தெரிந்தது. மோட்டாரிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தட்டையான ரப்பர் பெல்ட், பெல்ட்டாகவே இல்லை. உருகிய தாராகி, சக்கரத்தின் விளிம்பிலும் மோட்டார்த் தலையிலும் அப்பிக் கிடந்தது. தொட்ட விரல் இரண்டு நாள் கறுப்பாக இருந்தது. 99 விழுக்காட்டு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் 250 மில்லி, 12 வெள்ளி. அதில் நனைத்த பஞ்சுக் குச்சிகள் அறுபதுக்கு மேல் போயின. மோட்டார்த் தலையின் பள்ளத்தில் துளி தார் மிஞ்சினாலும் பெல்ட் அந்த இடத்தில் ஒருமுறை துள்ளும், அந்தத் துள்ளல் பாட்டில் கேட்கும். இதை அவசரப்பட்டு முடிக்கக் கூடாது.

பெல்ட்டில் நான் மூன்று முறை வாங்கினேன். முதலில் பல அளவு கலந்த பொட்டலம் ஒன்று, 15 வெள்ளி. அதில் தட்டைப் பெல்ட் ஒன்றுகூட இல்லை. எல்லாம் சதுரக் குறுக்குவெட்டு. பொறுமையின்றி அதில் ஒன்றை மாட்டிப் பார்த்தேன், ஓடியது, ஆனால் ஒவ்வொரு நீண்ட சுரமும் தண்ணீரில் விழுந்த நிலா மாதிரி நெளிந்தது. பிறகு தையல் நூலை மோட்டாரையும் சக்கரத்தையும் சுற்றிக் கட்டி, அவிழ்த்து, அளவுகோலில் வைத்தேன்: 262 மி.மீ. அதே 262க்கு, 5 மி.மீ. அகலத்தில், 14 வெள்ளிக்கு ஒரு பெல்ட் வரவழைத்தேன். கேசட் இல்லாமல் அழகாகச் சுழன்றது. கேசட்டைப் போட்டதும் வழுக்கியது. நூல் காட்டுவது பெல்ட் ஓட வேண்டிய பாதையின் நீளம். பெல்ட் அதைவிடக் குட்டையாக இருந்து இழுபட்டு நிற்க வேண்டும் என்பது, எழுதும்போது எவ்வளவு சாதாரணமாகத் தெரிகிறது! மூன்றாவதாக 245 மி.மீ. வாங்கினேன், அதாவது பாதையைவிட ஆறரை விழுக்காடு குறைவு. அது பிடித்தது. நெளிவு நின்றது.

ரப்பர் உருளையிலும் ஒரு தவறு. நாடாவைத் தண்டோடு சேர்த்து அழுத்தி இழுக்கும் அந்தச் சிறு உருளை கண்ணாடி போலப் பளபளத்தது, பிடிப்பில்லை. 400 எண் உப்புத்தாளால் தேய்த்தேன். கையால் தேய்த்ததில் ஒருபக்கம் அதிகம் போய்விட்டது. வெர்னியரில் மேல் ஓரம் 12.9, கீழ் ஓரம் 12.6 மி.மீ. இந்த 0.3 மி.மீ. வித்தியாசம் போதும், நாடா மெல்ல மெல்ல ஒரு பக்கமாக ஏறி, விளிம்பு மடிந்து, சுருட்டிக்கொள்வதற்கு. நல்ல வேளையாக அப்போது உள்ளே இருந்தது ஒரு வெற்றுக் கேசட். புதிய உருளை 18 வெள்ளி. அடுத்த முறை உப்புத்தாளைக் கையில் எடுக்கவே மாட்டேன். பாத்திரம் கழுவும் சோப்பு நீரால் துடைத்துப் பார்ப்பேன், சரிவரவில்லை என்றால் புதிதே வாங்கிவிடுவேன்.

டெக் தயாரானதும் கேசட்டுக்கு வந்தேன். இதில்தான் கை நடுங்கியது.

அக்காலத்து மலிவான கேசட்டுகள் பலவற்றுக்குத் திருகாணி கிடையாது. இரண்டு பிளாஸ்டிக் பாதிகளையும் ஒட்டிவிட்டிருப்பார்கள். அண்ணனுடையதும் அப்படித்தான். பொருத்தும் கோட்டில் கத்தி முனையை வைத்து, சிறு சுத்தியலால் தட்டித் தட்டி, சுற்றிலும் நகர்ந்து போக வேண்டும். முதலில் வேண்டாத கேசட் ஒன்றில் பழகியிருக்க வேண்டும், நான் பழகவில்லை. நான்காவது தட்டலில் சன்னலின் மூலை விரிந்தது. ஆறாவதில் முன்பக்கத் தாள் கிழிந்து, அண்ணன் பச்சை மையில் எழுதியிருந்த தேதியின் பாதி போனது. எப்படியும் இந்தக் கூட்டை மறுபடி ஒட்டப் போவதில்லை, ஐந்து திருகாணி வைத்த புதிய C60 (அறுபது நிமிட) கேசட்டின் கூட்டில்தான் நாடாவை மாற்றப் போகிறேன் என்றாலும், அந்தப் பச்சை மைக்காக அன்று மாலை முழுதும் எனக்கு என்மீதே எரிச்சல்.

கூட்டைத் திறந்ததும் உள்ளே உள்ளவற்றை, இருந்த நிலையிலேயே, கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டேன். இரண்டு பல்சக்கர உருளைகள், மூலைக்கொன்றாக இரண்டு சிறு வழிகாட்டி உருளைகள், மேலும் கீழும் வழுக்கும் தாள்கள், நடுவில் ஒரு சிறு உலோகத் தகடு, அதன் முன்னே வில்தகட்டில் கம்பளித் துண்டு இருந்ததற்கான பசைத் தடம். இவ்வளவுதான் ஒரு கேசட். நாடாவின் அகலம் 3.81 மி.மீ. ஒரு வினாடிக்கு 4.76 செ.மீ. ஓடுகிறது. அப்படியானால் ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடம் என்றால் சுமார் 57 மீட்டர் நாடா. அந்த 57 மீட்டரையும் பூசணம் போகக் கையால் துடைக்க வேண்டும்.

முகக்கவசம் போட்டுக்கொண்டு, சன்னலருகே உட்கார்ந்து, கண்ணாடி துடைக்கும் துணியை நான்காக மடித்து அதன் நடுவே நாடாவை விட்டு, அறுகோணப் பென்சிலால் சக்கரத்தைச் சுற்றினேன். பென்சில் இல்லாமல் கேசட் இல்லை; அன்றைக்கும் அப்படித்தான். தொடக்கத்தில் துணியை ஆல்கஹாலில் நனைத்திருந்தேன். ஒரு சாணுக்குப் பிறகு துணியைப் பிரித்துப் பார்த்தால் பழுப்புக் கறை. பூசணம் வெள்ளை; பழுப்பாக வருவது பாட்டு. ஒலியைத் தாங்கிய இரும்புத்துகள் பூச்சையே நான் துடைத்துக்கொண்டிருந்தேன். அதனால் இன்று முதல் பக்கத்தின் முதல் மூன்று வினாடிகளில் கிட்டார் போர்வைக்குள்ளிருந்து ஒலிப்பது போல இருக்கிறது. அதன் பின் பூச்சுள்ள பக்கத்துக்கு உலர்ந்த துணி மட்டும், முதுகுப் பக்கத்துக்கு மிகச் சிறிதளவு ஆல்கஹால் என்று மாற்றிக்கொண்டேன். இரண்டு மாலைகள், பதினான்கு துணிகள். நண்பர் ஒருவர் நாடாவைச் சூடான அடுப்பில் வைத்து எடுக்கலாம் என்றார். பெரிய சக்கர நாடாக்களில் பசை இளகிப்போன சிலவற்றுக்குச் செய்யும் வைத்தியம் அது. இங்கே நோய் வேறு. துடைத்த நாடாவைச் சிலிக்கா உருண்டைகள் போட்ட மூடிய டப்பாவில் ஒரு வாரம் வைத்ததே போதுமாக இருந்தது.

துடைக்கும்போது, ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தாண்டியபின், விரலுக்கு ஒரு முடிச்சு தட்டியது. அண்ணன் போட்ட ஒட்டு. 1986 என்று நினைக்கிறேன், பக்கத்து வீட்டு ரேடியோ நாடாவைத் தின்று அறுத்துவிட்டது. அன்று இரவு அண்ணன் மேசை விளக்கின் கீழே உட்கார்ந்து, அம்மாவின் கத்தரிக்கோலால் நுனிகளைச் சமன்செய்து, சாதாரணப் பசை நாடாவால் ஒட்டி, கரண்டியின் முதுகால் அழுத்தித் தேய்த்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பது ஆண்டு அது பிரியவில்லை. ஆனால் பசை கசிந்து அடுத்த இரண்டு சுற்றுகளிலும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எடுத்துவிட்டு ஒழுங்காக ஒட்ட வேண்டியதாயிற்று. நாடாவை உட்கார வைக்கும் பள்ளமும் 45 பாகைச் சாய்வில் வெட்டும் பிளவும் உள்ள சிறு அச்சுக்கட்டை ஒன்று, அதற்கென்றே செய்த ஒட்டு நாடாவோடு, 45 வெள்ளி. விலை அதிகம்தான், ஆனால் கேசட் வேலையில் பயனுள்ள ஒரே ஆடம்பரம் இது. சாய்வாக வெட்டுவதால் ஒட்டு ஹெட்டைக் கடக்கும்போது ‘டக்’ என்று தட்டாமல் வழுக்கிப் போகிறது. பசை ஊறிய பகுதியை 1.2 செ.மீ. வெட்டி எறிந்தேன், அதாவது கால் வினாடிப் பாட்டு. அந்தக் கால் வினாடி ஒரு பக்கத்தில் மட்டும் போவதில்லை: அதே நாடாவின் அகலத்தில் மற்றப் பாதியில் மறுபக்கம் தலைகீழாக ஓடுகிறது. முதல் பக்கத்தில் மூன்றாவது பாட்டு முடியும் தறுவாயில் விழுந்த வெட்டு, இரண்டாம் பக்கத்தில் முதல் பாட்டின் கடைசியில், பாடகியர் குழு உச்சத்தில் இருக்கும் இடத்தில் விழுகிறது. அண்ணனின் வெட்டும் அங்கேதான் விழுந்திருந்தது. சிறு வயதில் அந்தப் பாட்டை நாங்கள் பாடும்போது அந்த இடத்தில் ஒரு விழுங்கு விழுங்கித்தான் பாடுவோம். பாட்டே அப்படித்தான் என்பதுபோல.

புதிய கூட்டில் நாடாவை வைத்து, வழுக்கும் தாள்களைச் சுருக்கமில்லாமல் விரித்து, ஐந்து திருகாணிகளையும் மூலைக்கு மூலை மாற்றி மாற்றி முடுக்கினேன். ஒரேயடியாக இறுக்கினால் கூடு வளைந்து சக்கரம் உரசும். பென்சிலால் இருபுறமும் ஒருமுறை முழுதாகச் சுற்றி, பிறகு டெக்கில் போட்டேன். பாடியது. மங்கலாக, ஆனால் பாடியது.

மங்கலுக்குக் காரணம் ஹெட்டின் சாய்வு. திருட்டுப் பதிப்பு செய்த இயந்திரத்தின் ஹெட் எந்தக் கோணத்தில் நின்றதோ, அதே கோணத்தில் நம் ஹெட்டும் நின்றால்தான் உச்ச ஒலிகள் வரும். ஹெட்டின் ஓரத்தில் ஒரு சிறு திருகாணி இருக்கும். மகளின் நகப்பூச்சால் அதன் பழைய நிலையில் ஒரு புள்ளி வைத்துக்கொண்டு, இரண்டு ஒலிவழிகளையும் ஒன்றாகச் சேர்த்துக் கேட்டபடி, கால் திருப்பத்துக்கும் குறைவாக நகர்த்தினேன். சிம்பல் தட்டு திடீரென்று அறைக்குள் வந்தது. இந்தப் பதினோரு வாரத்தில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது அந்த ஒரு வினாடியில்தான்.

இனித்தான் நான் செய்தவற்றுள் மிக அசட்டுத்தனமான பிழை. இரண்டாம் பக்கத்தின் முதல் பாட்டு, ‘டுநைட் இஸ் வாட் இட் மீன்ஸ் டு பி யங்’, முறையான இசைத்தட்டில் 6 நிமிடம் 58 வினாடி. நம் டெக்கில் அது 6 நிமிடம் 44 வினாடியில் முடிந்தது. கால் வினாடி வெட்டால் பதினான்கு வினாடி குறையாது. கைப்பேசியில் அசல் பாட்டையும் பக்கத்தில் ஓடவிட்டுக் கேட்டால், கேசட்டில் சுதியும் ஏறியிருந்தது. கணக்குப் போட்டால் 3.4 விழுக்காடு வேகம். ஆர்மோனியக் கணக்கில் சொன்னால், ஒரு கறுப்புக் கட்டைக்கும் அடுத்த வெள்ளைக் கட்டைக்கும் நடுவிலே ஓரிடம். கால் கட்டைக்குச் சற்று மேல். டெக் வேகமாக ஓடுகிறது என்று முடிவு செய்துவிட்டேன். மோட்டாரின் முதுகில் உள்ள துளைக்குள் சிறு ஸ்க்ரூடிரைவரை விட்டுத் திருப்பினால் வேகம் மாறும். திருப்பித் திருப்பி, கைப்பேசிப் பாட்டும் கேசட் பாட்டும் ஒன்றாகப் போகும்வரை குறைத்தேன். மனநிறைவோடு படுத்தேன்.

மறுநாள் அம்மாவின் பழைய கேசட் ஒன்றைப் போட்டேன், டி.எம். சௌந்தரராஜனின் முருகன் பாடல்கள். ஒவ்வொரு தைப்பூசத்திலும் தண்ணீர்மலைப் பாதையில் கேட்டுக் கேட்டு வளர்ந்த குரல். அன்று அவருக்குச் சளி பிடித்திருந்தது. கனத்து, இழுத்து, களைத்துப் பாடினார். அவர் தவறாகப் பாடியிருக்க வாய்ப்பில்லை. டெக்கை நான்தான் கெடுத்திருக்கிறேன்.

3,150 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்று மட்டும் பதிந்த சோதனைக் கேசட் 95 வெள்ளி. இவ்வளவு விலை கொடுத்து ஒரே ஒரு சுரம் மட்டும் உள்ள கேசட்டை வாங்குவதா என்று தள்ளிப்போட்டிருந்ததை, வேறு வழியின்றி வாங்கினேன். டெக்கில் போட்டுக் கணினியில் அளந்தால் 3,046 ஹெர்ட்ஸ். நான் கைவைப்பதற்கு முன் டெக் சரியாகவே ஓடியிருக்கிறது. வேகமாக இருந்தது கேசட். திருட்டுப் பதிப்பைச் செய்தவரின் இயந்திரம், பதியும்போது மெதுவாக ஓடியிருக்க வேண்டும். மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் வேகமாகக் கேட்கும். பத்துப் பாட்டிலும் அதே விகிதம்தான். குட்டையான நாடாவில் பத்துப் பாட்டையும் அடக்க வேண்டும் என்று வேண்டுமென்றே செய்தார்களா, இயந்திரமே அப்படியா என்பது இனி யாருக்கும் தெரியப் போவதில்லை. என் ஊகம் முன்னது. ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்குச் சற்று மேல்தான் நாடா இருந்தது, அசல் இசைத்தட்டின் இரண்டாம் பக்கம் இருபத்தொரு நிமிடம்.

டெக்கை 3,150க்குத் திருப்பி வைத்து, மோட்டார்த் துளையின் மேல் ஒரு தாளை ஒட்டி, ‘தொடாதே’ என்று எழுதினேன். பிறகு இரவல் வாங்கிய ஒலி இணைப்புப் பெட்டி வழியாக, 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் அளவில் கேசட்டை முழுதாகக் கணினியில் இறக்கினேன். ஏறக்குறைய 700 மெகாபைட். அடாசிட்டி மென்பொருளில் வேகத்தை 3.3 விழுக்காடு குறைத்து, அசலோடு வினாடிக்கு வினாடி பொருந்தும் ஒரு கோப்பைச் செய்தேன். வெட்டு விழுந்த இடத்தில், அசலிலிருந்து கால் வினாடியை எடுத்து ஒட்டிவிடலாமா என்று ஒரு மணி நேரம் யோசித்து, அதைத் தொடாமல் விட்டேன். மணிவிழாவுக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. பொறுக்க முடியாமல் அந்தக் கோப்பைச் சுங்கைப்பட்டாணியில் இருக்கும் அண்ணனுக்கு அன்றே அனுப்பிவிட்டேன், எதுவும் சொல்லாமல்.

மறுநாள் காலை பசியாறிக்கொண்டிருந்தபோது அழைத்தார்.

“தம்பி, பாட்டு எங்க எடுத்த?”

“உங்க கேசட்தான்ணே. பரண்ல இருந்துச்சு.”

“நம்ம கேசட் இல்லலா இது. யாரோ தூங்கி எழுந்து பாடுற மாதிரி இருக்கு.” கொஞ்ச நேரம் பேச்சில்லை. “ஆனா அந்த வெட்டு நம்ம வெட்டுதான். அது எப்படி?”

வேகத்தைக் குறைத்த கதையைச் சொன்னேன். 3,150 ஹெர்ட்ஸ், மோட்டார்த் துளை, எல்லாம். தொழிற்சாலையில் முப்பத்தைந்து ஆண்டு இயந்திரம் பார்த்தவர், பொறுமையாகக் கேட்டார். “சரிதான், நீ செஞ்சது சரிதான்,” என்றார். “பழசையே அனுப்பு.”

குறைக்காத கோப்பை அனுப்பினேன். பதிலாக வந்தது பதினோரு வினாடிக் குரல்பதிவு ஒன்று. காருக்குள் பாட்டு ஓடுகிறது, அண்ணியின் குரல் ஒலியைக் குறைக்கச் சொல்கிறது, பாட்டோடு சேர்ந்து அண்ணன் அந்த இடத்தில் சரியாக ஒரு விழுங்கு விழுங்குகிறார்.

கணக்கு: டெக் 60, பெல்ட் மூன்று தடவையாக 43, உருளை 18, ஆல்கஹால் 12, C60 கேசட் 8, அச்சுக்கட்டையும் ஒட்டு நாடாவும் 45, சோதனைக் கேசட் 95. இதில் 29 வெள்ளி தவறான பெல்ட்டுகளுக்கு. மறுபடி செய்வதாக இருந்தால் சோதனைக் கேசட்டைத்தான் முதலில் வாங்குவேன், டெக்குக்கும் முன்னால். குப்பையில் போகும் கேசட்டுகள் மூன்றைத் திறந்து பழகிவிட்டு நான்காவதாக நல்லதைத் தொடுவேன். நாடாவை நனைத்த துணியால் துடைப்பதற்கு முன், பாட்டு தொடங்காத முன்பகுதியில் ஒரு அங்குலம் தேய்த்துப் பார்ப்பேன். தாள் கிழியாமல் இருக்க, கத்தி வைக்கும் முன்பே முடி உலர்த்தியால் பசையை இளக்கி அதை உரித்து எடுத்துவிடுவேன். இது எனக்குக் கிழித்த மறுநாள்தான் தோன்றியது.

பழைய கூட்டை எறியவில்லை. மூலை விரிந்த சன்னலோடு, பச்சை மையில் பாதித் தேதியோடு, அது ரொட்டி டின்னிலேயே இருக்கிறது. அண்ணன் போட்ட 1986ஆம் ஆண்டு ஒட்டையும், வெட்டி எடுத்த 1.2 செ.மீ. நாடாவோடு சேர்த்து, ஒரு வெள்ளைத் தாளில் ஒட்டி உள்ளே வைத்திருக்கிறேன். டெக்கின் அடிமூடிக்குள் ஒரு உறையில் 245 மி.மீ. பெல்ட் இன்னொன்று, வாங்கிய தேதி பென்சிலில்.